சாயல்குடியில் கருப்பட்டி, கீழக்கரையில் சாப்பாடு: கோடை விடுமுறையில் ஒரு நாள் பயணம்

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "பிள்ளைகளுக்குக் கருப்பட்டி காய்ச்சுறதக் காட்டணும். எங்க போறது, எப்பப் போறது?" இராமநாதபுரத்தில் குடியிருப்பதால் ஒவ்வொரு வருசமும் ஒரு குடும்பத்தையாவது கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். அப்படிப் போய்ப் பழகியதை, முதன்முதலாக வருகிறவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

பிள்ளைகளிடம் "மிட்டாய் ஃபேக்டரிக்குப் போகிறோம்" என்று தாராளமாகச் சொல்லலாம், அது பொய்யில்லை. ஆனால் அங்கே கேட் கிடையாது, டிக்கெட் கிடையாது, மெஷினும் கிடையாது. பனங்காட்டுக்கு நடுவே ஓர் ஓலைக்குடிசை, மண் அடுப்பு, அதன் மேல் ஆள் உட்காரும் அகலத்துக்கு ஒரு பாத்திரம், பக்கத்தில் வரிசையாகத் தேங்காய்ச் சிரட்டைகள். இவ்வளவும் சேர்ந்ததுதான் தொழிற்சாலை. பெரும்பாலும் ஒரே குடும்பம்தான் வேலை செய்யும். வீட்டுக்காரர் பனையேறுவார், வீட்டம்மா காய்ச்சுவார்.

திட்டம் இதுதான்: காலையில் சாயல்குடிப் பக்கம் பனங்காடு, மதியம் கீழக்கரையில் நண்பர் வீடு, இருட்டுவதற்குள் இராமநாதபுரம்.

எந்த மாதம், எத்தனை மணிக்கு

பதநீர் இறங்குவது மாசி, பங்குனியில் தொடங்கி ஆனி வரை. சித்திரையும் வைகாசியும் நல்ல சீசன். பள்ளி லீவும் அப்போதுதான் என்பதால் நமக்கு வசதி. மழைக்காலத்தில் வந்தால் பனைமரத்தைப் பார்க்கலாம், பாகைப் பார்க்க முடியாது.

மாதத்தை விட மணிதான் முக்கியம். பதநீர் யாருக்காகவும் காத்திருக்காது. விடியும் முன்பே பனையேறத் தொடங்கிவிடுவார்கள். ஏழு, ஏழரைக்குள் கலயங்கள் எல்லாம் குடிசைக்கு வந்துவிடும், எட்டு மணிவாக்கில் அடுப்பு எரியும், பதினொரு மணிக்கு முன்பின்னாகப் பாகு இறங்கிவிடும். நான் முதன்முறை என் அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது வழியில் இட்லி சாப்பிட்டு, கோயில் பார்த்து, ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அடுப்பில் சாம்பல்தான் இருந்தது. அங்கிருந்த அம்மா பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிப் பிள்ளைகள் கையில் வைத்து, "நாளைக்கு வெள்ளனா வாங்க தாயி" என்றார். பிள்ளைகளின் முகம் வாடியது இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், ஊர் சுற்றுவதை எல்லாம் மதியத்துக்குத் தள்ளுங்கள். காலை முழுவதும் அடுப்படிக்குத்தான்.

முந்தின வாரமே முடிக்க வேண்டியவை

தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் போவதுதான் சரியான முறை. சாயல்குடி, நரிப்பையூர், கன்னிராஜபுரம், மூக்கையூர் பக்கம் பனைத்தொழில் செய்கிற குடும்பங்கள் நிறைய. சாயல்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்கிற கடையில் கேட்டால், எந்தக் காட்டில் இப்போது காய்ச்சுகிறார்கள், யாரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். "அடுத்த வாரம் நாங்க ஆறு பேர் வர்றோம், காய்ச்சுறதப் பாக்கணும், கருப்பட்டியும் வாங்கிக்கிறோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திடீரென்று வேனில் போய் இறங்கினால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

கீழக்கரை நண்பருக்கும் அதே வாரத்தில் போன் பண்ணிவிடுங்கள். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, யார் யார் சைவம் என்ற மூன்றையும் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போனால், ஆட்டுக்கறி ஆக்கி வைத்துவிட்டு, சைவக்காரர் ஒருவருக்காக அந்த வீட்டம்மா மறுபடியும் அடுப்பு மூட்டுவார். வெள்ளிக்கிழமை வேண்டாம். நண்பகல் ஜும்மா தொழுகை நேரத்தில் வீட்டு ஆண்கள் பள்ளிவாசலில் இருப்பார்கள், கடைகளும் அடைத்திருக்கும். நோன்பு மாதம் குறுக்கே வந்தால் நாளையே மாற்றிவிடுங்கள்.

முதல் நாள் இரவே இராமநாதபுரம் வந்து தங்கிவிடுவது நல்லது. மதுரையிலிருந்து ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. காலை ஐந்து மணிக்கு வண்டி கிளம்பியாக வேண்டும். சாயல்குடிக்குப் பஸ் இருக்கிறது, ஆனால் காட்டுக்குள்ளே போக வாடகைக் காரோ வேனோ இருந்தால்தான் நேரம் கையில் நிற்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை என்று வரிசையாகப் போவதால், திரும்பும்போது ஒரே சாலைதான், வழி தப்பாது.

எடுத்துப் போக வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிதண்ணீர் (இந்தப் பக்கம் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு), தொப்பி, பருத்தித் துணி, மூடிய செருப்பு, சில்லறை நோட்டு. செருப்பு விசயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். வழியெல்லாம் கருவேல முள். அதோடு பனை மட்டையின் இரண்டு ஓரமும் ரம்பப் பல் மாதிரி இருக்கும். அதைக் கருக்கு என்பார்கள். கீழே கிடக்கிற மட்டையைப் பிள்ளைகள் விளையாட்டாக இழுத்தால் உள்ளங்கை கிழிந்துவிடும்.

பனங்காட்டில்

போய் இறங்கியதும் முதலில் குடிசைக்குப் போய்ச் சொல்லிவிட்டு, பிறகு மரத்தடிக்குப் போங்கள். "வணக்கம்ணாச்சி, போன வாரம் சொல்லிவிட்டது நாங்கதான்" என்றால் போதும். படம் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். ஏறுகிற மரத்துக்கு நேர் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது. அரிவாளோ கலயமோ தவறி விழலாம். ஏறிக்கொண்டிருக்கிறவரிடம் பேச்சுக் கொடுக்கவும் கூடாது. அறுபது எழுபதடி உயரத்தில் காலில் ஒரு தளைநாரை மட்டும் நம்பி நிற்கிறார். காலையில் ஏறிய அதே மரங்களில் சாயங்காலம் மறுபடியும் ஏற வேண்டும்.

பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்லுங்கள். பனையின் பாளையைக் கடிப்பு என்கிற மர இடுக்கியால் இடுக்கிப் பதப்படுத்தி, நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவிவிடுவார்கள். சீவிய இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வடிவதைக் கலயம் கட்டிப் பிடிப்பார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருக்கும். சுண்ணாம்பு இருந்தால் பதநீர், அது இல்லாமல் புளித்துவிட்டால் கள். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் சட்டத்தில் அது பெரிய வித்தியாசம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. "கள்ளு கிடைக்குமா?" என்று அங்கே கேட்காதீர்கள். நேர்மையாகத் தொழில் செய்கிற குடும்பத்தை அந்த ஒரு கேள்வி கூச வைத்துவிடும். கூட வருகிற பெரிய ஆண்களிடமும் முதல் நாளே இதைச் சொல்லி வையுங்கள்.

இறக்கிய பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, ஓலை வாசனையோடு, நுங்கு கிடைத்தால் வழித்துப் போட்டுக் குடியுங்கள். பிள்ளைகளுக்கு முதலில் கால் பட்டை போதும். வெறும் வயிற்றில் அளவுக்கு மீறிக் குடித்தால் வயிறு இளகிவிடும், காருக்குள்ளே அவதி. குடித்ததற்குக் காசு கொடுங்கள். வேண்டாம் என்பார்கள். ஒரு கிலோ கருப்பட்டி செய்ய ஏறக்குறைய எட்டிலிருந்து பத்து லிட்டர் பதநீர் வேண்டும். ஆறு பேர் வயிறாரக் குடித்தால் அரைக் கிலோவாவது அந்த அடுப்பிலிருந்து குறைந்துவிடும் என்பதை மனதில் வைத்துக் கொடுங்கள்.

அடுப்படியில்

இந்தப் பயணத்தின் உயிரே இந்த இரண்டு மூன்று மணி நேரம்தான். இங்கே அவசரப்படாதீர்கள்.

பதநீரைத் துணியில் வடிகட்டிப் பாத்திரத்தில் ஊற்றும்போது அரிசி கழுவின தண்ணீர் மாதிரிதான் இருக்கும். பிள்ளைகள் "இதுவா மிட்டாய்?" என்று கேட்பார்கள். காய்ந்த மட்டையும் கருவேல விறகும் வைத்து எரிப்பார்கள். முதல் முக்கால் மணி நேரம் பெரிதாக ஒன்றும் நடக்காது. அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு ஓலையில் காற்றாடி, கிலுக்கு செய்யக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம், அந்த வீட்டுப் பிள்ளைகளே செய்து காட்டுவார்கள்.

பிறகு நுரை எழும்பும். பால் பொங்குவது போலக் குபுகுபுவென்று விளிம்புவரை வரும்போது, நசுக்கிய ஆமணக்கு முத்தைக் கொஞ்சமாகப் போடுவார்கள். அத்தனை நுரையும் சொன்ன பேச்சைக் கேட்டது போல அடங்கிவிடும். அந்த எண்ணெய்ப் பசை நுரையை உடைக்கிறது என்பதுதான் காரணம். எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை இருந்தால் அந்த இடத்தில் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடும், கேட்க விடுங்கள்.

அடுத்து நிறம் மாறும். தேன் நிறம், பிறகு செம்மண் நிறம், பிறகு கறுப்புக் கலந்த பழுப்பு. நிறத்தோடு சத்தமும் மாறுகிறது, இதைத்தான் நான் ஒவ்வொரு முறையும் கவனித்துக் கேட்கிறேன். ஆரம்பத்தில் சலசலவென்று தண்ணீர்ச் சத்தம், கடைசியில் களக், களக் என்று இடைவெளி விட்டு ஒவ்வொரு கொப்புளமாக உடைகிற கனமான சத்தம். காய்ச்சுகிற அம்மா பேசிக்கொண்டே இருப்பார், அந்தச் சத்தம் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார். துடுப்பை எடுத்து ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார். கரைந்தால் இன்னும் இரண்டு நிமிடம். உருண்டால் உடனே இறக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் கசந்துவிடும், கொஞ்சம் முந்தினால் சிரட்டையில் இறுகாது. ஒரு காலையின் உழைப்பு முழுவதும் அந்த உருண்டைக்குள் இருக்கிறது.

அந்த நேரத்தில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பாகு கொதிதண்ணீரை விடச் சூடு, பட்டால் தோலிலேயே ஒட்டிக்கொள்ளும். நாலு முழம் தள்ளி நிற்க வைப்பது நம் பொறுப்பு, அவர்கள் பொறுப்பில்லை. தப்பித் தவறிப் பட்டுவிட்டால் இழுத்துப் பிடுங்காமல் சாதாரணத் தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றிக்கொண்டே இருங்கள். மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம், பிறகு ஆஸ்பத்திரி.

இறக்கியதைத் துடுப்பால் கிண்டிக் கிண்டி ஆற்றி, நனைத்து வைத்த சிரட்டைகளில் ஊற்றுவார்கள். ஈரச் சிரட்டை என்றால்தான் ஒட்டாமல் கழன்று வரும். இறுகியதும் கவிழ்த்துத் தட்டினால் அரை உருண்டையாகக் கையில் விழும். பாத்திரத்தில் மிச்சம் ஒட்டியிருப்பதை ஓலைத்துண்டால் வழித்துத் தின்பதுதான் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற உண்மையான மிட்டாய். வெதுவெதுப்பாக, இழுத்தால் நூலாக வரும், கடைசியில் லேசாகப் புகை வாசனை அடிக்கும். கடையில் எந்தக் காகிதத்தைப் பிரித்தாலும் அந்த வாசனை வராது.

பனங்கற்கண்டும் அன்றைக்கே பார்க்கலாம் என்று நினைத்து வராதீர்கள். பாகை வேறு பதத்தில் எடுத்து, நூல் கட்டிய பானையில் ஊற்றி, ஒரு மண்டலம் போல அசையாமல் வைத்தால்தான் கற்கண்டு விளையும்.

வாங்கும்போது

பார்த்த இடத்திலேயே வாங்குங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு வருசம், காட்டில் கருப்பட்டி தீர்ந்துவிட்டது என்று ரோட்டோரக் கடை ஒன்றில் வாங்கிக் கீழக்கரைக்குக் கொண்டு போனேன். அங்கிருக்கிற என் தோழியின் உம்மா (அம்மா) ஒரு சில்லை உடைத்து வெளிச்சத்தில் பிடித்தார்கள். உள்ளே சர்க்கரை மணி மணியாக மின்னியது. "இது சீனிம்மா" என்று மட்டும் சொல்லி ஓரமாக வைத்துவிட்டார்கள். அவர்களிடம் கற்றுக்கொண்டது இது: நல்ல கருப்பட்டியை உடைத்தால் உள்பக்கம் மங்கலாக, ஒரே சீராக இருக்கும், பளபளக்காது. வாயில் போட்டால் சட்டென்று கரைந்துவிடாமல் மெதுவாகக் கரையும். இனிப்புக்குப் பின்னால் சின்ன உவர்ப்பும் கரிப்பும் தட்டும். அளவுக்கு மீறி மலிவாகக் கொடுத்தால் சந்தேகப்படுங்கள், பத்து லிட்டர் கணக்கை நினைத்துப் பாருங்கள்.

காட்டில் வாங்கும்போது பேரம் பேச வேண்டாம் என்பது என் கருத்து. சுக்கு, ஏலம், மிளகு தட்டிப்போட்ட சில்லுக்கருப்பட்டி இருந்தால் அதையும் கொஞ்சம் வாங்குங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வெயிலில் வேர்த்துக் கசிந்துவிடும், ஓலைப்பெட்டியாகவே கேளுங்கள். நண்பர் வீட்டுக்கு ஒரு பெட்டி தனியாக எடுத்து வையுங்கள். கூடவே ஒரு குலை நுங்கு. பேக்கரி ஸ்வீட் பாக்ஸை விட இது நூறு மடங்கு மேல்.

சாயல்குடியிலிருந்து கீழக்கரை

சுமார் ஒரு மணி நேரப் பயணம். நேரம் மிச்சமிருந்தால் மாரியூர் பூவேந்தியநாதர் கோயிலுக்கு ஒரு திருப்பு போடலாம். கடலோரக் கோயில், சித்திரையில் வலைவீசும் படலம் விழா நடக்கும் இடம். ஆனால் மதியம் நடை சாத்திவிடுவார்கள். வாலிநோக்கம் பக்கம் உப்பளங்களில் கோடையில்தான் உப்பு வாருவார்கள். வெள்ளை வெளேரென்று குவியல்களைக் காரில் இருந்தே காட்டலாம். காலையில் இனிப்பு காய்ச்சியதைப் பார்த்த பிள்ளைகள், அதே வெயில் உப்பையும் காய்ச்சுவதை அங்கே பார்த்துக்கொள்வார்கள். உச்சிவெயிலில் கடலில் இறக்கிவிடாதீர்கள்.

நண்பர் வீட்டில்

ஒரு மணி, ஒன்றரைக்குள் போய்ச் சேருங்கள். தாமதமானால் ஏர்வாடி தாண்டும்போதே ஒரு போன். கீழக்கரைத் தெருக்கள் ஒடுக்கம், பெரிய வேனை வெளியே நிறுத்திவிட்டு நடப்பது எளிது.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். பல வீடுகளில் ஆண்கள் முன்கட்டில் உட்காருவார்கள், பெண்களையும் பிள்ளைகளையும் உள்ளே கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பிறகு உள்ளே போவதுதான் மரியாதை. தோழியின் அம்மாவை நான் "உம்மா" என்றே கூப்பிடுவேன், அக்காவை "லாத்தா". "வெயில்ல வந்திருக்கிய, முதல்ல தண்ணி குடிங்க. புள்ளைய முகம் கருத்துப் போச்சே" என்றுதான் ஒவ்வொரு முறையும் ஆரம்பிப்பார்கள். பெரிய தட்டைச் சுற்றி மூன்று நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடும் சஹன் முறையில் பரிமாறினால் தயங்காதீர்கள். உங்கள் முன்னால் இருக்கிற பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும், அவ்வளவே. பழக்கமில்லை என்றால் தனித் தட்டுக் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சாப்பாடு முடிந்ததும் தொதல் வரும். கீழக்கரைக்கு வந்து தொதல் தின்னாமல் போகக் கூடாது. அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி மூன்றையும் பெரிய சட்டியில் விறகடுப்பில் வைத்து, மணிக்கணக்கில் கைவிடாமல் கிண்டி, எண்ணெய் பிரிந்து சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது தட்டில் கொட்டி முந்திரி தூவுவார்கள். கத்தியில் எண்ணெய் தொட்டு வெட்டினால், கறுப்பாக, கண்ணாடி போல மினுங்கிக்கொண்டு துண்டு விழும். விரலால் அமுக்கினால் பள்ளமாகி மெதுவாக மேலே வரும். காலையில் பார்த்த பாகின் அடுத்த கட்டம் இதுதான் என்று பிள்ளைகளிடம் அப்போது சொல்லுங்கள், அவர்களுக்கே ஒரு சந்தோசம்.

கொண்டு போன ஓலைப்பெட்டியை அந்த நேரத்தில் கொடுங்கள், வாசலிலேயே நீட்ட வேண்டாம். போன சித்திரையில் உம்மா பெட்டியைத் திறந்து முதலில் மோந்து பார்த்தார்கள். ஒரு முனையைக் கடித்தார்கள். எதுவும் சொல்லாமல் லாத்தாவைக் கூப்பிட்டு, "இத தனியா வையி, பெருநாளைக்குக் கிண்டலாம்" என்றார்கள். அதைக் கேட்டபோது, காட்டில் காய்ச்சின அந்த அம்மாவுக்கு உடனே போன் பண்ணிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னேன்.

சாப்பிட்ட உடனே கிளம்பாதீர்கள். மதியம் இரண்டு மணி வெயிலில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, பேசுவதற்கு நிறைய இருக்கும். பிள்ளைகள் பாயில் தூங்கட்டும். நாலரை மணிக்குத் தேநீர் குடித்துவிட்டு, வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு நடந்தால், பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களையும், "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று நாம் சொல்கிற அந்த வள்ளல் அடங்கியிருக்கும் இடத்தையும் பார்க்கலாம். தலையை மூடிக்கொள்ளத் துணி வைத்திருங்கள், உள்ளே எதுவரை போகலாம் என்பதை அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு கடற்கரையில் கொஞ்ச நேரம் காற்று. ஆறு மணிக்குக் கிளம்பினால், திருப்புல்லாணி வழியாக முக்கால் மணி நேரத்துக்குள் இராமநாதபுரம்.

கிளம்பும்போது அவர்கள் உங்கள் ஓலைப்பெட்டியைத் திருப்பித் தருவார்கள். வெறும் பெட்டியாகத் தர மாட்டார்கள், உள்ளே தொதல் இருக்கும். வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

வீட்டுக்குப் போனதும்

கருப்பட்டியைப் பிரித்துத் தாம்பாளத்தில் பரப்பி ஒரு நாள் வெயில் காட்டுங்கள். பிறகு ஓலைப்பெட்டியிலோ மண்பானையிலோ, காற்றோட்டமான உயரமான இடத்தில் வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் வேர்த்துவிடும். ஐப்பசி மழை தொடங்குமுன் இன்னொரு முறை வெயில் காட்டினால் கசியாது. காப்பிக்கோ பணியாரத்துக்கோ எடுக்கும்போது எப்போதும் தண்ணீரில் கரைத்து வடிகட்டிய பிறகே சேருங்கள். அடியில் கொஞ்சம் சுண்ணாம்பும் மண்ணும் தங்கும், திறந்தவெளியில் காய்ச்சியது அல்லவா. பால் கொதிக்கும்போது நேரடியாகப் போட்டால் திரிந்துவிடும், இறக்கி ஆறவிட்டுக் கலக்குங்கள். தொதலை முதல் இரண்டு நாளிலேயே பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள், தேங்காய்ப்பால் சேர்ந்தது.